சோறு போட்டோம், பொறுப்பேற்கவில்லை

ராமேஸ்வரம் தீவுக்காரர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடலில் மீன் குறைந்தால் அரசைச் சொல்வோம். கரையில் குப்பை சேர்ந்தால் யாத்திரைக்கு வந்தவர்களைச் சொல்வோம். ஆமை முட்டை அழிந்தால் நாயைச் சொல்வோம். கடைசிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் மறுப்பு வருவதே இல்லை, குற்றவாளிக்கு வாய் பேச வராது. நாயையும் ஆமையையும் எதிரெதிரே நிறுத்தியது நாங்கள்தான் என்பதை இனியாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் கரையில் நாய் என்றும் இருந்திருக்கிறது. மீன்பிடி வாடி போட்ட இடத்திலெல்லாம் நாயும் படுத்திருக்கும். இரவில் வலைக்குக் காவல், பகலில் ஓலைக் கொட்டகை நிழலில் உறக்கம், வள்ளம் கரையேறும்போது ஓடிவந்து வாலாட்டல், கூலியாக இரண்டு மீன். அந்த நாய்க்குப் பெயர் இருந்தது. இன்னார் வாடி நாய் என்று ஊருக்குத் தெரியும். அது யாரையாவது கடித்துவிட்டால் யார் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க வேண்டும் என்பதும் தெரியும். அளவாக இருந்தது, ஆளோடு இருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போன பிறகு, அது வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில மட்டும் கம்பிப்பாட்டிலும் சுற்றுவட்டத்திலும் தங்கின. வெளியாட்கள் மணலில் வேன் பிடித்துத்தான் போக முடிந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அந்தச் சாலை எங்களுக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும், மீன் கெடாமல் சந்தைக்குப் போகவும், நோயாளியை நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் அது உதவியது. ஆனால் சாலையோடு வரப்போகிற எச்சிலுக்கு நாங்கள் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. பொரித்த மீன் கடை போட்டோம், பக்கத்தில் மூடி போட்ட ஒரு தொட்டி வைக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அந்தத் தடை எங்கள் கடற்கரை மணலில் கால் வைத்ததாகவே தெரியவில்லை.

உணவு கிடக்கும் இடத்தில் நாய் சேரும். சாப்பாடு நிறைந்தால் குட்டியும் பிழைக்கும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. இறங்குதளத்தில் விலைபோகாத சங்காயத்தை (கழிவு மீனை) மணலில் கொட்டிவிட்டுப் போனோம். கருவாடு காயவைக்கிற இடத்தில் தலையும் குடலுமாகக் குவித்தோம். வீட்டில் பெட்டைக்குட்டி பிறந்தால் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே கடலோரம் விட்டுவந்தோம். கொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அந்தக் குட்டி பிழைத்து, ஆண்டுக்கு இரண்டு ஈடு குட்டி போட்டபோது, "எங்கிருந்துதான் இத்தனை நாய் வருகிறதோ" என்று ஆச்சரியமும் பட்டோம்.

தெருநாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற விதி 2001-லேயே வந்துவிட்டது. 2023-இல் அதற்குப் பதிலாகப் புதிய விதி வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பை இன்னும் தெளிவாக எழுதினார்கள். தீவில் நகராட்சியும் இருக்கிறது, பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளும் இருக்கின்றன. கிராம சபையில் குடிநீர் கேட்டோம், தெருவிளக்கு கேட்டோம், தூண்டில் வளைவு கேட்டோம். நாய்க்குக் கருத்தடை முகாம் கேட்டுத் தீர்மானம் போடுவதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. யாரையாவது நாய் கடித்த வாரத்தில் கூச்சலிட்டோம், அடுத்த வாரம் மறந்தோம்.

இந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தவர்களில் முதல் ஆள் ஆமை. இந்தியக் கடலில் உள்ள ஐந்து வகைக் கடலாமைகளும் மன்னார் வளைகுடாவில் பதிவாகியிருக்கின்றன. எங்கள் மணலில் அதிகமாக ஏறுவது பங்குனி ஆமை. ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை, இரவில், கடலிலிருந்து ஏறி, பின்துடுப்பால் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலால் மூடி, தன் உடம்பாலேயே தட்டிச் சமன்செய்துவிட்டுத் திரும்பிவிடும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அத்தனை நாளும் அந்தக் குழிக்குக் காவல் கிடையாது. மனிதக் கண்ணுக்கு அந்த ஒளிப்பு போதும், நாயின் மூக்குக்குப் போதாது.

அதனால்தான் அரிச்சல்முனை, தனுஷ்கோடி, முகுந்தராயர் சத்திரம் கரைகளில் வனத்துறை ஊழியர்கள் விடியுமுன் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பொரிப்பகம் இரண்டாம்பட்ச வழிதான். இட்ட இடத்திலேயே முட்டை கிடப்பதுதான் முதல் வழி. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. இடம் மாறினால் வெப்பமும் மாறலாம். எங்கள் கரையை முட்டை தங்கும் கரையாக வைத்திருந்தால் இந்த இடமாற்றத்துக்கே தேவை குறைந்திருக்கும். நாங்கள் செய்தது வேறு. குஞ்சு விடும் விழாவுக்குக் குடும்பத்தோடு போய், பெரிய மனிதர் வரும்வரை குஞ்சுகள் கூடையில் காத்துக்கிடக்க, கையில் எடுத்துப் படம் பிடித்தோம். பொரிந்த குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவின் பலத்தில்தான் ஆழ்கடலுக்கு நீந்த வேண்டும். நாம் படம் பிடிக்கிற நேரமெல்லாம் அந்தப் பலத்திலிருந்து கழிகிறது.

அடுத்து பூநாரை. பனிக்காலத்தில் கோதண்டராமர் கோயில் அருகே ஆழமில்லாத நீர்ப்பரப்பில் அவை நூற்றுக்கணக்கில் இறங்கி, தலைகீழாக அலகை நுழைத்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். 2025-இல் அரசு தனுஷ்கோடிப் பகுதியைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்று பெருமைப்பட்டோம். ஆனால் சுற்றுலா வந்த பிள்ளைகள் "பறக்கவிட்டுப் பார்க்கலாம்" என்று கைதட்டி ஓடும்போது, எங்களில் எத்தனை பேர் நிறுத்தச் சொன்னோம்? பறவைக் கூட்டத்தை நாய் துரத்தும்போது வேடிக்கை பார்த்தோம், கைபேசியில் பதிவும் செய்தோம். பறவை எழும்பும் காட்சி நமக்கு அழகு. பறவைக்கு அது தின்று சேர்த்த பலத்தின் செலவு. ஒரு நாளில் பத்து தரம் எழுப்பிவிட்டால், அது தின்பதற்கு வந்த இடத்தில் பட்டினி கிடந்து போகும்.

நாய் சிறிய விஷயம், பெரிய அழிவுக்குக் காரணம் வேறு என்று வாதாடுவோர் உண்டு. பாதி உண்மை. மடிவலை கடலடியைச் சுரண்டுவது பெரிய அழிவுதான். ஆனால் நாயின் பங்கும் சிறியதில்லை. 2017-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, முதுகெலும்புள்ள 11 இனங்கள் பூண்டற்றுப் போனதில் நாய்களுக்குப் பங்கு உண்டென்றும், அழிவின் விளிம்பிலுள்ள 188 இனங்களாவது அவற்றால் ஆபத்துக்கு உள்ளாகியிருக்கின்றன என்றும் சொன்னது. அந்த நாய்களின் பின்னால் எங்கும் மனிதனே நிற்கிறான்.

மடிவலை என்று சொன்னதால் எங்கள் கடல்பக்கத்துக் கணக்கையும் வைத்துவிடுகிறோம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்லிப் பழகிய வாய் எங்களுடையது. பெண்கடலின் அடியில் விரிந்த கடற்புல்லைத்தான் ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல். ஒரு குட்டி ஈன்றால் அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. அப்படிப்பட்ட உயிரை இந்தக் கரையோரத்தில் கறிக்காகக் கொன்ற காலம் இருந்தது. இப்போது சட்டத்துக்குப் பயந்து விட்டுவிட்டோம், ஆனால் அது மேயும் புல்லை மடிவலையால் வழித்தெடுப்பதை விடவில்லை. திருக்கைக்குப் போட்ட வலையில் ஆவுளியா சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்துப்போகும். 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். வலை நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு அதைச் செய்தவர்களை ஊர் எத்தனை முறை பாராட்டியது என்று கேட்டால் எங்களிடம் நல்ல பதில் இல்லை.

தெற்கே மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இங்குவரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது கடலுக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டிக் குவித்த கைகளுக்கு அதில் பங்கு உண்டு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்க்கிறவர்கள் புயலைத்தான் நினைக்கிறார்கள். அந்தச் சுவரே பவளக்கல் என்பதை நாங்களும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதன் பிறகும் வெட்டு உடனே நின்றுவிடவில்லை. இன்னொரு அநியாயத்துக்கும் நாங்கள் சாட்சி. பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்களைத் தீவுப்பக்கம் வரக்கூடாது என்று தடுத்தபோது ஊர் அவர்களோடு நிற்கவில்லை. ஓங்கல் (டால்பின்) பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு இன்ஜினை முடுக்கி, அந்தக் கூட்டத்தின் குறுக்கே படகை விடுவதை மட்டும் தொழில் என்று ஏற்றுக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே கடல், ஒரே சட்டம்.

திரும்ப நாய்க்கே வருகிறோம். இவ்வளவு உயிர்களைக் கெடுத்ததாகச் சொல்லப்படும் அந்த நாயாவது நன்றாக இருக்கிறதா? இல்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத மணலில், தோல் சொறிந்து, வண்டியில் அடிபட்டுக் கிடக்கிறது. பிஸ்கட் போட்டவர் மாலையில் வண்டியேறிப் போய்விடுகிறார். அவர் போட்டது பாசத்தால்தான், எங்கள் வீட்டுப் பெண்கள் மீதிச் சோறு வைப்பதும் பாசத்தால்தான். பாசத்தோடு ஊசியும் கருத்தடையும் சேரவில்லை. அந்தப் பாதிப் பாசம் நாயையும் காப்பாற்றவில்லை, ஆமையையும் காப்பாற்றவில்லை. ரேபிஸ் வந்துவிட்டால் மனிதர் பிழைப்பது அரிதிலும் அரிது. அதைத் தடுக்க ஊரிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நாங்கள் சாக்குச் சொல்லவே முடியாத இடம் இதுதான். எங்களுடையது தீவு. வண்டியில் நாய் வந்து சேர 1988-இல் திறந்த ஒரே சாலைப்பாலம்தான் வழி. மூன்று பக்கம் நில எல்லை திறந்த கோவா, தொடர்ந்து தடுப்பூசி போட்டு 2021-இல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலம் என்று பெயர் எடுத்தது. கடல் வேலி போட்டுத் தந்திருக்கிற எங்களால் ஏன் முடியாது? எண்ணிப் பார்த்து முடிக்கக் கூடிய நாய்கள், பெயர் தெரிந்த தெருக்கள், விதிப்படி பொறுப்புள்ள உள்ளாட்சிகள். இல்லாதது எங்கள் அக்கறை ஒன்றுதான்.

ஆகவே தீவுக்காரர்களே, அடுத்த கிராம சபையில் கருத்தடை முகாமுக்கும் தடுப்பூசிக்கும் தீர்மானம் போடுவோம். சங்காயத்தை மணலில் கொட்டாமல் கோழித்தீவனத்துக்கோ உரத்துக்கோ அனுப்புவோம். கடைக்காரர்கள் மூடியுள்ள தொட்டி வைக்கட்டும், வைக்காத கடையில் நாமே சாப்பிட வேண்டாம். நாய்க்குச் சோறு வைப்பவர்கள் கடற்கரையில் வைக்காமல் வீட்டு வாசலில் வைத்து, அந்த நாய்க்கு ஒரு பெயரும் ஓர் ஊசியும் கொடுக்கட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் வளர்ப்பு நாயைக் கட்டி வைப்போம். ஆமைத்தடம் கண்டால் வனத்துறைக்குச் சொல்வோம். யாத்திரை வருகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறோம்: பறவையை எழுப்பாதீர்கள், ஓங்கலைத் துரத்தச் சொல்லிப் படகுக்காரரை நெருக்காதீர்கள், தின்ற பொட்டலத்தைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம், மேலிடத்து உத்தரவும் வேண்டாம். இத்தனை ஆண்டும் செய்யாமல் விட்டதற்கு நாங்கள்தான் காரணம், இனியும் செய்யாவிட்டால் நாயைக் குற்றம் சொல்லும் உரிமைகூட எங்களுக்கு இல்லை.