பற்றவைப்புக்கும் பிறப்புச் சான்று வேண்டும்

அனல்மின் நிலையத்துக்குப் போகும் உயரழுத்தக் குழாயை உற்றுப் பார்த்தால் அதில் சில எண்கள் பொறித்திருக்கும். எஃகு எந்த வார்ப்பில் பிறந்தது என்று சொல்வது ஹீட் நம்பர். மூட்டைப் பற்றவைத்தவர் யார் என்று சொல்வது வெல்டரின் முத்திரை எண். இந்த எண்களுக்குப் பின்னால் எஃகாலையின் சோதனைச் சான்று, வெப்பப்பதன வரைபடம், எக்ஸ்ரே அறிக்கை என ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். திருச்சி பெல் கொதிகலன் ஆலையை ஒட்டி வளர்ந்த மாத்தூர், விராலிமலை பேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு இது புதிதல்ல. இரும்பை வெட்டி ஒட்டுவது பாதி வேலை. ஒழுங்காக ஒட்டினோம் என்று காட்டுவது மறுபாதி.

முதல் பாதிக்கு நவீன எந்திரங்கள் வந்துவிட்டன. இரண்டாம் பாதி பல இடங்களில் இன்னும் ரிஜிஸ்டரிலும் ஃபைலிலும்தான் கிடக்கிறது. மின்னணு வெல்டிங் மெஷின்கள் பலவற்றால் ஒவ்வொரு மூட்டுக்கும் ஓடிய மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பதிவு செய்ய முடியும். ஆனால் அந்தப் பதிவு மெஷினை விட்டு வெளியே வருவதில்லை. வந்தாலும் அடுத்த கம்பெனியின் மென்பொருளுக்குப் புரிவதில்லை. சமஸ்தான காலத்தில் புதுக்கோட்டைக்கென்று அம்மன் காசு என்ற தனி நாணயம் இருந்தது. சமஸ்தானத்துக்குள் செல்லும், எல்லை தாண்டினால் செல்லாது. இன்றைய எந்திரத் தரவுகளின் கதையும் அதுதான்.

இது வெறும் வசதிக் குறைவு அல்ல. 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் இயங்கும் கொதிகலன் பாகங்கள் ஒரு லட்சம் மணி நேரம் ஓடிய பிறகு, அவற்றின் எஞ்சிய ஆயுளைக் கணிக்க வேண்டும் என்கிறது இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வரும் அந்த நாளில், குழாய் பிறந்த கதை கையில் இருந்தால் கணிப்பு துல்லியமாகும். சென்சார் பொருத்திய ‘ஸ்மார்ட்’ குழாயானாலும், தன் தொடக்கத்தை அறியாவிட்டால் பாதிதான் பேசும். ஏற்றுமதிக்கும் இதே நெருக்கடிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி முதல் முழு அமலுக்கு வந்துள்ளது; இரும்பு, எஃகுப் பொருள்களை விற்பவரிடம், அவற்றைச் செய்ய வெளியான கார்பன் எவ்வளவு என்ற கேள்வி வரும். அதற்கு எந்திரங்களின் கணக்கால்தான் பதில் சொல்ல முடியும்.

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. சீமென்ஸ், டசோ நிறுவனங்களுடன் சேர்ந்து அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ அமைத்த டான்சாம், டான்கேம் என்ற நவீன உற்பத்தித் தொழில்நுட்ப மையங்கள் 2022-இல் திறக்கப்பட்டன. டாடா டெக்னாலஜீஸுடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றும் திட்டமும் கொண்டுவரப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் டான்சாம், டான்கேம் இரண்டும் இருப்பது சென்னைத் தரமணியில். பத்துப் பேரை வைத்து வேலை செய்யும் மாத்தூர் பட்டறைக்காரர், பட்டறையைப் பூட்டிவிட்டுத் தரமணிக்கு வந்து கற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் சும்மா நின்றது என்பது ஆர்டர் கொடுப்பவருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த முறை கூலியைக் குறைத்துக் கேட்க மாட்டாரா? அனல்மின் ஆர்டர் வற்றிய ஆண்டுகளில் அடிபட்ட பகுதி மாத்தூர். இந்தப் பயத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்க முடியாது. இதற்கு விடை சொல்லாமல் மானியம் மட்டும் கொடுத்தால், வாங்கிய மென்பொருள் மூலையில் தூங்கும்.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பொதுத்துறைக் கொள்முதலாளர்கள் தரப் பதிவுகளுக்கு ஒரே டிஜிட்டல் வடிவத்தை வெளியிட்டு, அதில் தந்தால் காகிதம் கேட்பதை நிறுத்த வேண்டும். எந்திரங்கள் தரவைப் பரிமாறிக்கொள்ள ஓபிசி யுஏ, எம்க்யூடிடி போன்ற திறந்த தரநிலைகள் இருக்கின்றன. அவற்றில் எம்க்யூடிடி 1999-இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கவே உருவானது. எந்திர மானியத்துக்கும் இந்தத் தரநிலைகளை நிபந்தனையாக்கலாம். இரண்டாவது, மாத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சேவை மையம். பழைய மெஷினில் சென்சார் பொருத்தவும், பதிவுகளைத் தொகுக்கவும், பழுதானால் அன்றே வந்து பார்க்கவும் ஆள் வேண்டும். 1975 முதல் திருச்சியில் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதற்கு வழிகாட்டலாம். திருமயத்தில் உள்ள பெல் குழாய் ஆலை முதல் சோதனைக்களமாகலாம். மூன்றாவது, ஒப்பந்தத்திலேயே ஒரு வரி: பொருளின் தரப் பதிவு வாங்குபவருக்கு, பட்டறையின் இயக்கக் கணக்கு பட்டறைக்கே சொந்தம்.

மூன்றில் அதிகச் செலவு பிடிப்பது இரண்டாவது மட்டுமே. மற்ற இரண்டுக்கும் நிதி தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதை முதலில் வெளியிடட்டும்.