கொடுத்த நாளை விற்கலாமா?

தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரங்கள். தேக்காவில் உள்ள ஒரு தையற்கடையில் புத்தாடை தைக்கக் கொடுக்கிறீர்கள். “எப்போது கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?” என்று கேட்கிறீர்கள். இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. விரைவாக வேண்டுமெனில் தையற்காரர் கூடுதல் நேரம் உழைக்க வேண்டும். அதனால் கூலி கூடும். பண்டிகைக்குப் பிறகு கிடைத்தால் போதும் என்றால் கூலி குறையலாம்.

கேட்ட பிறகே பொருளைச் செய்து தரும் தொழிற்சாலைகளின் நிலையும் இதுவே. ஒரு வீட்டின் அளவுக்கேற்ற அலமாரியையோ, ஓர் இயந்திரத்திற்கென்றே செய்யப்படும் உதிரிபாகத்தையோ முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்க இயலாது. ஒவ்வொரு முறையும் நாளையும் விலையையும் பேசி முடிவு செய்ய வேண்டும். இந்தப் பேரத்தைக் கணினி நிரல்களிடம் விடும் எண்ணம் புதிதன்று. ஒரு நிரல் வேலையை அறிவிக்க, மற்ற நிரல்கள் அதை ஏற்க முன்வர, அவற்றுள் தகுந்ததற்கு வேலையை வழங்கும் முறையை ரீட் ஸ்மித் என்னும் கணினி அறிவியலாளர் 1980இல் வெளியிட்டார். அதே வழியில், வாங்குபவரின் நிரலும் தொழிற்சாலையின் நிரலும் நாளையும் விலையையும் மாற்றி மாற்றிச் சொல்லி, இரு தரப்புக்கும் ஏற்ற முடிவுக்கு வரலாம்.

இதனை நான் வரவேற்கிறேன். வாடிக்கையாளரை இழக்க மனமின்றி, “முடித்துவிடலாம்” என்று சொல்லிவிடுவது மனித இயல்பு. நிரலோ கையிலுள்ள வேலையைக் கணக்கிட்டுச் சொல்லும். ஓர் ஆடைக்கு 4 மணி நேரம் தேவை; 10 ஆடைகள் காத்திருக்கின்றன; தையற்காரர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் தைக்கிறார் என்று கொள்வோம். அவற்றை முடிக்கவே 5 நாள் ஆகும். பதினோராவது ஆடையை ஆறாம் நாளுக்கு முன் தர இயலாது. உண்மையான நாளை முதலிலேயே அறிந்தால், வாடிக்கையாளர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்.

ஆயினும், ஓர் ஆபத்து உண்டு. பதினோராவதாக வந்தவர் இரு மடங்கு கூலி தருவதாகச் சொன்னால் என்ன ஆகும்? இலாபத்தை மட்டும் பார்க்குமாறு பணிக்கப்பட்ட நிரல், முன்பே வாக்குப் பெற்ற ஒருவரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். “அதிகம் தருபவருக்கு விரைவாகத் தருவதில் என்ன தவறு?” என்று சிலர் கேட்கலாம். தையற்காரர் மனமுவந்து இரவில் கூடுதலாக உழைத்தால், அந்த உழைப்புக்குக் கூடுதல் கூலி பெறுவது நியாயமே. ஆனால், ஒருவருக்கு உறுதியளித்த நாளை இன்னொருவருக்கு விற்பது நியாயமன்று. தீபாவளிக் காலையில் புத்தாடையின்றி நிற்கும் பிள்ளைக்கு, பிறகு தரும் தள்ளுபடி ஈடாகாது.

எனவே, பேரம் பேசும் நிரலுக்கு இரண்டு விதிகளை வகுக்க வேண்டும். ஒன்று, உறுதி செய்த நாளை வாடிக்கையாளரின் சம்மதமின்றி மாற்றக்கூடாது. மற்றொன்று, விலை ஏன் கூடியது என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். இவ்விதிகளை வகுப்பது மனிதரின் கடமை. நாளைக் கணக்கிட்டது கணினியாக இருந்தாலும், வாக்குக் கொடுத்தவர் கடைக்காரரே.