நட்சத்திரத்தை எண்ணாதீர், எண்ணைப் பாரீர்!

"புது விதி வருகிறது, விலை ஏறப்போகிறது, பழைய ஏ.சி.யை இன்றே மாற்றுங்கள்!" விதி இறுகும்போதெல்லாம் கடைத்தெருவிலே கேட்கும் கூக்குரல் இது. யாருடைய நன்மைக்காக? கிடங்கிலே தேங்கிய சரக்கின் நன்மைக்காக!

2022 ஜூலை 1-ல் நடந்தது என்ன? ஐ.எஸ்.இ.இ.ஆர். என்னும் மின்திறன் அளவு 4.5 பெற்று, ஐந்து நட்சத்திரம் சூடி நின்ற ஸ்பிளிட் ஏ.சி., புதிய அட்டவணையிலே நான்காகச் சரிந்தது. ஐந்து வேண்டுமா, அளவு 5 காட்டு என்றது மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம். 2026 ஜனவரி 1-ல் விதி மீண்டும் இறுகியது. இயந்திரம் மாறவில்லை, மதிப்பு மாறியது. முந்தின நாள் ஐந்தென்று நம்பித் தவணையிலே வாங்கிய தொழிலாளத் தோழர் என்ன செய்வார்?

3.3 அளவுள்ள இயந்திரம் 100 யூனிட் விழுங்கித் தரும் குளிர்ச்சியை, 5 அளவுள்ளது 66 யூனிட்டிலே தந்துவிடும். தள்ளுபடி ஒரு நாள் கூத்து. மின்கட்டணமோ இரண்டு மாதத்துக்கொரு முறை, இயந்திரம் உள்ளவரை!

விலை ஏறும் என்பது முழுப் பொய்யல்ல. நல்ல கம்ப்ரசருக்குக் காசு அதிகம்தான், மறைக்கவில்லை நாம். ஆனால் கேஸ் கசிந்தது என்பதற்காக, ஓடுகிற ஏ.சி.யைத் தூக்கியெறிவானேன்? கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

மாற்றித்தான் தீரவேண்டுமா? ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டிலே அளவும் இருக்கிறது, அது செல்லும் காலமும் இருக்கிறது. படியுங்கள் தோழர்களே! பிறகு கேளுங்கள் கடைக்காரரை: "ஐயா, இது எந்த ஆண்டு நட்சத்திரம்?"