அவள் வாயால் கேட்டபோது

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. மழை நாள், பஸ் நிறுத்தம், வீடு திரும்பக் காத்திருக்கும் கல்லூரி மாணவி, அவள் அருகே வந்து நிற்கும் பெரிய கார். காரில் நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். பதறிப்போகும் அம்மா, பிறகு தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த இந்தக் கதை கிளப்பிய சர்ச்சை பெரும்பாலும் அந்தத் தண்ணீரைச் சுற்றியே இருந்தது. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா, செய்வாளா என்றே கேட்டார்கள். கதையை யார் சொல்கிறார் என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயிற்று.

கதைசொல்லியின் நகர்வை மட்டும் கவனித்து அந்தக் கதையை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். முதலில் அவர் சாலையோரத்தில் நிற்கிறார். கார் கிளம்பியதும் பெண்ணின் மருட்சியைப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். வீட்டுக்குள் நுழைந்த பிறகு மெல்ல அம்மாவின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறார். அம்மாவின் அதிர்ச்சி, அம்மாவின் தீர்மானம், அம்மாவின் பெருந்தன்மை என்றாகிறது கதை. மகள் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மன்னிப்பை வாங்கிக்கொள்கிறவள் அவள்தான். ஆனால் தான் மன்னிக்கப்பட வேண்டியவளா என்று கேட்க அவளுக்கு அங்கே இடமில்லை.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஜெயகாந்தன் அதே மழைநாளுக்குத் திரும்பி வந்தார். 1972-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. சிறுகதையின் முடிவை மாற்றி எழுதினார் என்று சொல்வது வழக்கம். இங்கே அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, ஊருக்கே கேட்கும்படி அழுகிறாள். அண்ணன் அடித்து வெளியே தள்ளுகிறான். முடிவு மாறியது உண்மைதான். அதைவிடப் பெரிய மாற்றமாக எனக்குப் படுவது வேறு. அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர் வந்தது. நாவலின் பெரும்பகுதியில் ‘நான்’ என்று பேசுகிறவள் அவள்.

அந்த ‘நான்’ வந்ததும் எல்லாமே இடம் மாறுகின்றன. சிறுகதையில் நமக்குத் தெரிந்தது ஒரு மாலைப்பொழுது மட்டும். கங்கா பேசத் தொடங்கியதும் அந்த மாலைக்குப் பிந்தைய வருஷங்கள் வருகின்றன. படிக்கவைத்த மாமா வருகிறார். ஆதரவு காட்டும் அவருடைய பார்வையும் கையும் எங்கே போகின்றன என்பதும் வருகிறது. பதவியில் உயர்ந்த பிறகும் தன்னைச் சுற்றி நடக்கும் ஊர்ப்பேச்சை அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வெளியிலிருந்து பார்த்த எந்தக் கதைசொல்லிக்கும் அந்த மாமா ஒரு புரவலராகவே தெரிந்திருப்பார். அவர் அருகில் வரும்போது உடம்பு கூசுவது அவளுக்கு மட்டுமே தெரியும்.

ஜெயகாந்தன் செய்த இன்னொரு காரியம் அசாத்தியமானது. ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையையே அவர் நாவலுக்குள் கொண்டுவந்து, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதியதாக வைத்தார். கங்கா அதைப் படிக்கிறாள். தன் வாழ்க்கையை ஒரு ஆண், நல்லெண்ணத்தோடு, தனக்கு வாய்க்காத ஒரு தாயைப் படைத்து எழுதியிருப்பதைப் பார்க்கிறாள். சற்று முன்பு வரை நமக்கு ‘நடந்தது’ என்று இருந்த ஒன்று இப்போது ‘எழுதப்பட்டது’ ஆகிவிடுகிறது. தான் எழுதிப் பெயர் வாங்கிய கதையை, அதன் நாயகியின் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லும் துணிச்சல் எத்தனை எழுத்தாளர்களுக்கு வரும்?

இதை ‘உத்தி’ என்று சொல்லிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் மரபு இதை அப்படி லேசாக வைக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது மாத்திரை, எழுத்து, அசை, சீர் ஆகியவற்றோடு கூற்றையும் கேட்போரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பது அங்கே அசையையும் சீரையும் போலச் செய்யுளின் உடம்பு. குறுந்தொகையைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டோடும் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறிப்பு நிற்கும். அந்தக் குறிப்பை மாற்றிப் படித்தால் பாட்டே மாறிவிடும். தலைவி சொன்னால் ஏக்கம். அதையே தோழி, தலைவன் காதில் விழும்படி சொன்னால் அவனுக்கு விடுக்கும் எச்சரிக்கை.

அகத்திணை மாந்தருக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் பெயரில்லாத அந்தத் தலைவி பேசுவாள். தன் ஆசையையும் கோபத்தையும் தன் வாயால் சொல்வாள். ‘அக்கினிப் பிரவேச’த்துப் பெண்ணிடமிருந்து பெயரோடு பேச்சும் போய்விட்டது. கங்காவின் ‘நான்’ எனக்கு அந்தப் பழைய தலைவி கூற்றின் தொடர்ச்சியாகவே கேட்கிறது.

அப்படியானால் படர்க்கையில் சொல்லப்படும் கதை நடுநிலையானதா? தமிழில் அதற்கு வாய்ப்பே இல்லை. நம் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். பண்ணையார் ‘வந்தார்’, அவர் வயதே உள்ள பண்ணையாள் ‘வந்தான்’. கதைக்குள் யாரும் பேசவில்லை, கதைசொல்லிதான் பேசுகிறார். அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த ஒரு விகுதியில் தெரிந்துவிடுகிறது. செய்தியிலும் இதே கதைதான். விசாரணை தொடங்கும் முன்பே பிடிபட்டவர் ‘அவன்’ ஆகிவிடுவதை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேச, கதைசொல்லி மட்டும் எழுத்துத் தமிழில் எட்டி நின்று பேசும் வழக்கமும் இப்படி ஒரு திண்ணைதான். பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தபோது பலரை உலுக்கியதற்கு அதில் சொல்லப்பட்ட சாதிக்கொடுமை ஒரு காரணம். சொல்கிற குரலும் அந்தத் தெருவின் பேச்சிலேயே இருந்தது இன்னொரு காரணம். ‘இவர்கள் இப்படிப் பேசுவார்கள்’ என்று மேலிருந்து அறிமுகப்படுத்த அங்கே யாரும் இல்லை.

‘நான்’ என்றாலே உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. அசோகமித்திரன் இதை உணர்ந்தவர். 1977-ல் வந்த ‘18வது அட்சக்கோடு’ நாவலில் சந்திரசேகரன் சில இடங்களில் ‘நான்’. சில இடங்களில் ‘அவன்’. நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களில், செகந்தராபாத்தில் வளரும் ஒரு இளைஞனை அவர் உள்ளிருந்தும் காட்டுகிறார், தெருவில் போகிற யாரோ ஒருவனாகவும் காட்டுகிறார். கலவரக் காலத்தில் நம்மை நாமே அப்படித்தான் பார்க்க நேரும் என்று அந்த நாவலைப் படித்த பிறகு தோன்றியது.

கங்காவின் ‘நான்’ கூட ஒரு ஆண் எழுதிக்கொடுத்த ‘நான்’தான். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, ஆர்.கே.வி.யை உள்ளே வைத்ததன் மூலம் ஜெயகாந்தனே அந்தச் சந்தேகத்தை நம் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு உறுத்துவது வேறொருத்தி. சிறுகதையில் அவ்வளவு உயரத்தில் நின்ற அம்மா, நாவலில் கனகம் என்ற பெயரோடு, மகளின் கண்ணில் பட்டவளாக மட்டுமே மிஞ்சுகிறாள். மகன் வீட்டில், மகன் சோற்றில் இருந்த ஒரு விதவை அவள். அன்று இரவு கத்தி அழாமல், வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருந்தால் மறுநாள் அவளுக்கே அந்த வீட்டில் இடம் இருந்திருக்குமா? கங்காவிடம் அந்தக் கணக்கைக் கேட்க முடியாது; கேட்டால் அது கங்காவுக்குச் செய்யும் அநியாயம். கனகம் சொல்லியிருக்க வேண்டிய அந்த மூன்றாவது கதையை ஜெயகாந்தன் எழுதவில்லை. மழை பெய்த அந்த இரவில் கதவைத் திறந்தவள் அவள்தான்.