வலியைச் சொல்லவும் ஒரு மொழி வேண்டும்

எண்பதுகளின் பிற்பகுதியில் இளைஞர்களாக டென்மார்க் வந்த நாம் இன்று அறுபதை நெருங்குகிறோம். கிரின்ஸ்டெட்டில் எம்மவர் கூடும் இடங்களில் இப்போது முழங்கால், பித்தப்பைச் சத்திரசிகிச்சைக் கதைகளே அதிகம். ஒரே சத்திரசிகிச்சை, ஒரே குளிசை. ஒருவர் மறுநாளே நடக்கிறார். இன்னொருவர் இரவு முழுவதும் துடிக்கிறார். "அவர் வலி தாங்கமாட்டார்" என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

அத்தீர்ப்பு பிழையாக இருக்கலாம். கோடீன் தானாக வலியைப் போக்குவதில்லை. ஈரலிலுள்ள சிவைபி2டி6 என்ற நொதியம் அதன் ஒரு பகுதியை மோர்பினாக மாற்றினால்தான் வலி குறையும். ட்ரமடோலும் பெருமளவு இந்த நொதியத்தையே நம்பியிருக்கிறது. இந்நொதியம் வேலை செய்யாத பரம்பரை அலகுடன் பிறந்தவருக்குக் குளிசை போதிய பலன் தராது. ஐரோப்பியரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் இத்தகையோர். எம் போன்ற தெற்காசியரில் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. 1996இல் ஓடென்ஸே ஆய்வாளர்கள் ட்ரமடோலில் இவ்வேறுபாட்டைக் காட்டினர்.

மறுபுறம், சிலருக்கு இந்நொதியம் மிகையாக வேலை செய்து மோர்பின் ஆபத்தான அளவுக்கு ஏறும். இதனாலேயே 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கோடீன் கொடுப்பதைத் தடுத்தது.

வலிக்குக் காரணம் பரம்பரை அலகு மட்டுமல்ல. பயம், நித்திரையின்மை, பழைய காயங்கள் எல்லாம் சேரும். எது காரணமானாலும் நோயாளி வாய் திறந்தால்தான் வைத்தியருக்குத் தெரியும். எமது சிக்கல் அங்கேதான். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று தாதி கேட்டால், எங்கள் அம்மாமார் "பரவாயில்லை" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு எந்த இலக்கம்?

2018 யூலை முதல், மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்வோர், சில விலக்குகள் தவிர, மொழிபெயர்ப்பாளருக்குத் தாமே பணம் கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. அரசின் ஏட்டில் அது சேமிப்பு. கட்டணத்துக்கு அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் முதியவரின் வலி எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்வோம்: முன்பு எந்தக் குளிசை கேட்கவில்லை, எது மயக்கியது, குடும்பத்தில் யாருக்கு அப்படி நடந்தது என்று. தேவையானால் இரத்தப் பரிசோதனையில் இந்த வேறுபாட்டை அறியலாம். ஒருவரின் குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை விடுவோம். பிள்ளைகளே, அம்மாவின் "பரவாயில்லை"யை அப்படியே டெனிஷில் சொல்லிவிடாதீர்கள். மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.