விறாந்தைப் பள்ளி

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வீடே பள்ளியாயிற்று. வீட்டிற் கற்கும் பிள்ளை தனியே கற்பதா, ரியூட்டரிக்குச் செல்வதா, நாலைந்து பேராகக் கூடுவதா என்னும் வினா நெளுக்குளத்துப் பெற்றோரை இன்றும் விட்டபாடில்லை. 5 முதல் 16 வயதுவரை கல்வி சட்டப்படி கட்டாயமாகையால் பள்ளியை விடச் சொல்லோம், மாலைப்பொழுதையே பேசுகிறோம்.

ரியூட்டரியில் நூறு பேர் நடுவே, விளங்காததைக் கேட்க நாணும் பிள்ளை குறிப்பெழுதிக்கொண்டு மீளும், காசும் கரையும். தனித்துக் கற்பவனுக்கோ தன் பிழையைக் காட்டுவாரில்லை. நாம் விரும்புவது அயல்வீட்டு விறாந்தையிற் கூடும் ஐவர் குழுவையே. வயது ஒத்திருக்க வேண்டுவதில்லை. மூத்த பிள்ளை இளையதற்குப் பின்னக் கணக்கை விளக்கும்போது தானும் அதனை மறுமுறை கற்கிறது.

இது புதுமையன்று, நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையே. 1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற அந்திரு பெல் பாதிரியார், உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதிப் பழகக் கண்டு, மாணவரையே ஆசிரியராக்கினார். 1797இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். மேனாட்டார் ‘சென்னை முறை’ எனப் போற்றினர். நாமோ மறந்தோம்!

சட்டாம்பிள்ளையின் பிரம்பு மட்டும் வேண்டா. கிழமைக்கு மூன்று மாலை, ஒரு மணி நேரம், தாய்மாருள் ஒருவர் முறைவைத்து அருகிருந்தாற் போதும்.