ஒட்டும் ஊர், ஒட்டாத பிளாஸ்திரி

சிவகாசியைப் பட்டாசு ஊர் என்கிறோம், தீப்பெட்டி ஊர் என்கிறோம், காலண்டர் ஊர் என்கிறோம். இந்த மூன்று தொழிலுக்கும் அடியில் கிடக்கிற ஒரு சாமானை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அது பசை. 1922-ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அன்று முதல் இந்த வட்டாரம் செய்து வருவதில் பாதி வேலை ஒட்டும் வேலைதான். தீக்குச்சியின் தலையில் மருந்து நிற்பது வஜ்ஜிரப் பசையால். கம்பி மத்தாப்பில் மருந்து பிடித்து நிற்பது டெக்ஸ்ட்ரின் பசையால். தீப்பெட்டி, அதன் மேல் லேபிள், சரவெடியின் தாள் உறை, ராக்கெட்டின் குழல் என எதை எடுத்தாலும் அதில் பசை இருக்கும்.

மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பெட்டி ஒட்டும் பசை தயார். திண்ணையில் உட்கார்ந்து குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டும் பெண்ணின் கையைப் பார்த்தால்தான் இதில் உள்ள நுட்பம் தெரியும். விரல் நுனியில் அவர் எடுக்கும் பசைக்கு அளவு உண்டு. கூடினால் தாள் ஊறிப் பெட்டி கோணிக்கொள்ளும். குறைந்தால் காய்ந்ததும் வாய் பிளந்துவிடும். நீவுகிற இடத்தில் ஒரு குமிழி காற்றுகூட நிற்கக் கூடாது. பிறகு வெயில். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவுக்கே மழை காணும் கரிசல் பூமியில் வெள்ளாமை பொய்த்தது. பசை காயத் தோதாக வெயில் மட்டும் பொய்க்கவே இல்லை. இந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு அந்தக் காய்ச்சலும் ஒரு காரணம்.

மருத்துவமனைப் பிளாஸ்திரியில் இருக்கும் பசை இதற்கு நேர் எதிர். அது காயவே கூடாது. வருஷக் கணக்கில் சுருளுக்குள் இருந்தாலும் பிசுபிசுப்பு மாறாமல் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பிடிக்க வேண்டும். இழுத்தால் தடம் வைக்காமல் வர வேண்டும். மைதா பசைக்கு ஒரே வேலை, பிடித்துக்கொள்வது. பிளாஸ்திரிக்கு விடுவதும் வேலை. இந்த இரண்டாவது வேலையை உலகம் கற்றுக்கொள்ள நூறாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

1845-ல் அமெரிக்காவில் ஹொரேஸ் டே, வில்லியம் ஷெகட் என்ற இருவர் ரப்பரைக் கரைத்துத் துணியில் பூசும் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1882-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் பெயர்ஸ்டார்ஃப் என்ற மருந்துக் கடைக்காரர் தம் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்தை 1890-ல் வாங்கிய ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸின் காலத்தில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். நன்றாக ஒட்டும் பிளாஸ்திரி ஒன்று அவர்கள் கையில் இருந்தது. பிடி என்றால் அப்படியொரு பிடி. ஆனால் தோல் அதைத் தாங்கவில்லை. எரிச்சலும் சிவப்பும் கண்டன. தோலுக்கு ஆகாததை டயருக்கு ஆக்கினார் ட்ரோப்லோவிட்ஸ். 1896-ல் சைக்கிள் டியூபின் ஓட்டையை அடைக்கும் நாடாவாக அது சந்தைக்கு வந்தது. தொழில்துறைக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஒட்டு நாடா அதுதான் என்று அந்தப் பரம்பரையில் வந்த நிறுவனம் இன்றும் சொல்லிக்கொள்கிறது.

பொது உபயோக டேப்பும் மருத்துவ டேப்பும் பிரிந்த இடம் இது. ஒட்டுகிற பலம் மட்டும் போதும் என்றால் 1896-லேயே கதை முடிந்திருக்கும். முடியவில்லை. அதே நிறுவனம் 1901-ல் துத்தநாக ஆக்ஸைடு கலந்த லியூகோபிளாஸ்ட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் 1899-லேயே அந்த வழிக்கு வந்திருந்தது. ரப்பரோடு சேரும் பிசினில் உள்ள அமிலத்தைத் துத்தநாக ஆக்ஸைடு அடக்கியது, எரிச்சல் குறைந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பல்லால் கடித்துக் கிழிக்கும் அந்த வெள்ளைத் துணிப் பிளாஸ்திரியின் பூர்வீகம் இதுதான்.

மற்றவை வேகமாக நடந்தன. 1920-ல் பேண்ட்-எய்ட், 1925-ல் ரிச்சர்ட் ட்ரூ கார் பெயின்டர்களுக்காகச் செய்த மாஸ்கிங் டேப், 1930-ல் அவரே செய்த செல்லோஃபேன் டேப், 1960-ஐ ஒட்டி, மூச்சுவிடும் காகிதத்தில் அக்ரிலிக் பசை பூசிய மைக்ரோபோர், பிறகு சிலிக்கோன்.

டேப் எப்படி ஒட்டுகிறது என்பதை 1960-களில் தெளிவாகச் சொன்னவர் 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட். பசை ஓர் எல்லைக்கு மேல் விறைப்பாக இருந்தால் ஒட்டாது என்றார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் வழிந்து நிரம்பும் அளவுக்கு அது இளகியிருக்க வேண்டும். அதே சமயம் இழுக்கும்போது நூலாக அறுந்துபோகாத உறுதியும் வேண்டும். இளக்கம் கூடினால் உறுதி குறையும். உறுதி கூடினால் இளக்கம் குறையும். டேப் செய்கிறவர்களின் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் பிடிப்பதுதான்.

வெயில் அந்த இடத்தைக் கலைத்துவிடுகிறது. சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழ் அலமாரியில் கிடந்த பிளாஸ்திரிச் சுருளை எடுத்துப் பாருங்கள். பசை இளகி ஓரமாகப் பிதுங்கியிருக்கும். பிதுங்கிய பசையில் தூசி அப்பிக் கறுப்பு வளையம் கட்டியிருக்கும். அதை உரித்தால் துணி தனியாகவும் பசை தனியாகவும் வரும். சுருளை நிழலில், உறைக்குள், தூசி படாமல் வைத்தாலே பிடியில் பெருமளவு மிஞ்சும். விலை உயர்ந்த டேப் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. கிஃப்ட் பாக்ஸ் கட்டும் பிரவுன் டேப்புக்கும் இதே நியாயம்தான். அட்டைப் பெட்டியின் தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் லாரியில் ஏறும்வரை வாய் பிளக்காது. துடைக்காமல் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறவர்களே அதிகம்.

இனி கைக்கு வருவோம். பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவரின் கையில் அலுமினியத் தூள் படிந்திருக்கும். ரேகைகளுக்குள் வெள்ளி பூசியது போல மின்னும். கட்டைவிரலில் ஒரு கீறல். பிளாஸ்திரியை ஒட்டுகிறார், கால் மணி நேரத்தில் வியர்வையோடு வழுக்கிக் கழன்று விழுகிறது. டேப் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். விழுந்த பிளாஸ்திரியின் அடிப்புறத்தைப் பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கும்: சாம்பல் நிறத் தூள். பசை தூளைத்தான் பிடித்தது, தோலைப் பிடிக்கவே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு ஒட்டினால் அதே மட்டமான டேப் பொழுது சாயும்வரை நிற்கும். மூலைகளை வட்டமாக வெட்டிக்கொண்டால் துணியில் மாட்டிக் கிளம்பாது. இழுத்துப் பிடித்து ஒட்டக் கூடாது. டேப் பழையபடி சுருங்கப் பார்க்கும்போது தோலையும் சேர்த்து இழுத்து ஓரங்களில் கொப்புளம் எழுப்பிவிடும். தளர வைத்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்கு நீவ வேண்டும். பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிடியைக் கூட்ட மருத்துவமனைகள் கையாளும் பழைய உபாயம் ஒன்று நம் பூஜை அறையிலேயே இருக்கிறது. சாம்பிராணி. அந்தப் பிசினை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பதுதான் டிங்சர் பென்சாயின். சளி பிடித்தால் வெந்நீரில் விட்டு ஆவி பிடிப்போமே, அதே பழுப்பு மருந்துதான். காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலில் மெல்லியதாகத் தடவி, ஆல்கஹால் பறந்து கை வைத்தால் பிசுபிசுக்கும் பதம் வந்த பிறகு பிளாஸ்திரியை ஒட்டினால் வியர்க்கிற உடம்பிலும் நன்றாகப் பிடிக்கும். திறந்த புண்ணில் படக் கூடாது; சிலருக்கு ஒவ்வாமை வரும்; ஈரம் உலர்வதற்குள் தீப்பொறி அருகே வந்தால் ஆபத்து. கடைசி எச்சரிக்கையை இந்த ஊருக்கு இரண்டு தடவை சொல்லலாம்.

அதோடு இன்னொன்று. டேப்பைச் சுருளிலிருந்து வெடுக்கென்று உரித்தால் நிலைமின்சாரம் உண்டாகும். இருட்டில் உரித்தால் நீல ஒளிக்கீற்றே தெரியும். வெற்றிடத்தில் டேப்பை உரித்து எக்ஸ்-கதிர் வருவதைக் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். நம் அறைகளில் எக்ஸ்-கதிர் வராது, பொறி வரும். மருந்து கலக்கும் அறையில் நைலான் சேலை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்று சொல்வது எதற்காகவோ, அதற்காகவே அங்கே டேப் உரிப்பதும் கூடாது. முதலுதவிப் பெட்டியின் இடம் அறைக்கு வெளியே.

ஒட்டுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியாவது பிரிப்பதில் காட்டுகிறோமா? வயதானவர்களின் தோல் காகிதம் போல ஆகியிருக்கும். சலைன் ஊசிக்கு மேல் ஒட்டியதை வெடுக்கென்று இழுத்தால் மேல்தோல் கூடவே வந்துவிடும். ஒட்டுப் பசையால் தோலுக்கு நேரும் இத்தகைய காயங்களுக்கு மருத்துவ உலகம் தனிப் பெயர் வைத்து வழிகாட்டுதல் வெளியிட்டதே 2013-ல்தான். அதுவரை அது நோயாளி பொறுத்துக்கொள்ள வேண்டிய சின்ன வலியாகவே இருந்தது. தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பைத் தன்மேலேயே மடித்து, முடி படுத்திருக்கும் திசையில் மெல்ல உரிக்க வேண்டும். பிடிவாதம் பிடித்தால் ஓரத்தில் தேங்காயெண்ணெய். எண்ணெய் தொட்ட இடத்தைக் கழுவாமல் அடுத்த பிளாஸ்திரியை ஒட்டி, நிற்கவில்லையே என்று அலுத்துக்கொள்ளக் கூடாது.

தீக்காயத்துக்கு வரும்போது இந்தக் கதை திசை மாறுகிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்து 40 பேர் அளவில் உயிரைக் குடித்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை இந்த மாவட்டத்தில் யாருக்கும் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. வெந்த தோலில் பிளாஸ்திரி படவே கூடாது. நீர் கசியும் பரப்பில் பசை பிடிக்காது. பிடித்தால் இன்னும் கேடு. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே முறை. பேனா மையும் பற்பசையும் பூசிக் கொண்டுவருவது இன்னும் ஓயவில்லை.

தீக்காய வார்டில் தேவைப்படுவது ஒட்டாத பரப்பு. வாழையிலையைச் சுத்திகரித்துக் காயத்தின் மேல் வைக்கும் முறையை மும்பை மருத்துவர்கள் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். இலை காயத்தைக் கவ்வுவதில்லை. கட்டு மாற்றும்போது நோயாளி அலறுவதில்லை. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கொலாஜன் தாள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுத்தம் செய்த மேலோட்டமான தீக்காயத்தில் அதைப் பரப்பினால் டேப் இல்லாமலே படிந்து ஒட்டிக்கொள்ளும். அடியில் புதுத்தோல் வளர வளரத் தானே உரிந்துவிடும். பிடிக்க வேண்டிய நாள்வரை பிடித்து, விட வேண்டிய நாளில் விடுகிற ஒட்டு.

கொலாஜன் மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் புரதம். தோலையும் எலும்பையும் வேகவைத்து அதே புரதத்தைக் கரைத்தெடுத்தால் கிடைப்பதுதான் தீக்குச்சித் தலைக்கு இந்த ஊர் நூறாண்டாகக் கலந்துவரும் வஜ்ஜிரம். நெருப்பைக் குச்சியில் நிறுத்துவதற்குப் பதம் பார்க்கத் தெரிந்த ஊருக்கு, நெருப்பு சுட்ட உடம்பில் எதை எப்படி நிறுத்துவது என்பதும் கைவந்திருக்க வேண்டும். அதில் யாரும் முதல் போடவில்லை என்பதுதான் நம் குறை.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்றது. பெட்டியில் பிளாஸ்திரியும் இருக்க வேண்டிய ஒன்று. வெயிலில் பசை பிதுங்கிய சுருளும் கணக்குக்கு ஒரு சுருள்தான். அது ஒட்டுமா என்று ஆய்வுக்கு வருகிறவர் இழுத்துப் பார்ப்பதில்லை. உற்பத்தியாளர் தரும் ஒட்டு பல அளவைகூட நமக்குப் பெரிதாக உதவாது. வழக்கமான தரச் சோதனையில் டேப்பைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஒட்டி, 23 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்து இழுத்துப் பார்க்கிறார்கள். சித்திரையில் சாத்தூர்ப் பக்கம் அப்படியோர் அறையும் கிடையாது, எஃகில் செய்த கையும் யாருக்கும் கிடையாது.

விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் நாலைந்து வகைப் பிளாஸ்திரிகளை, இந்த மாவட்டத்துத் தொழிலாளர்களின் கழுவாத கையிலும் கழுவிய கையிலும் சாம்பிராணி டிங்சர் தடவிய கையிலும் ஒட்டி, எது எத்தனை மணி நேரம் நிற்கிறது, உரிக்கும்போது எது தோலைக் கெடுக்கிறது என்று ஒரு கோடைக்காலம் முழுக்கக் குறித்து வைக்க அதற்குப் பெரிய செலவு ஆகாது. அந்த முடிவை வைத்து ஆலைகளின் முதலுதவிப் பெட்டிக்கு எந்த டேப் என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் சொல்லட்டும். பெட்டியில் சோப்பும் ஒரு துண்டும் சேர்க்கச் சொல்லட்டும். சுருளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லட்டும். அடுத்த கோடைக்குள் இதைத் தொடங்கிவிட முடியும்.